பழைய கணனிகளில் லினக்ஸ் தொடங்கத் தவறுதல்: சில குறிப்புகள்

பழைய கணனியொன்றில் லினக்ஸ் இயங்கத் தவறுமிடத்து, கணனி பழுதடைந்துவிட்டது என்று முடிவுகட்டுதல் பெருவழக்காக உள்ளது. இம்முடிவு பெரும்பாலும் அவசரமானது. கணனியின் தொடக்கம் ஒரே நிகழ்வன்று. படிப்படியான கைமாற்றம் அது. பயோஸ் தன்னைச் சோதித்தபின் வன்தட்டின் முதல் 512 பைற்றுகளை வாசிக்கிறது. அவ்வழியே கிரப் எனும் தொடக்க ஏற்றி இயங்கி, லினக்ஸின் மையநிரலாகிய கேர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கேர்னல் மூலக் கோப்புத்தொகுதியைத் தேடி இணைக்கிறது. எக்கட்டத்தில் இயக்கம் நின்றது என்று துணிந்த பின்னரே, ஏன் நின்றது என்ற வினா பொருளுடையதாகும்.

திரையில் எதுவுமே தோன்றாவிடின் லினக்ஸைக் குறைகூறிப் பயனில்லை. நினைவகத் தகட்டையும் மின்வழங்கியையும் நோக்குதல் வேண்டும். கிரப்பின் மீட்புநிலை தோன்றின், வன்தட்டு வாசிக்கப்பட்டுள்ளது, கிரப்பின் எஞ்சிய கோப்புகளே அகப்படவில்லை என்பது பெறப்படும். பழைய பயோஸ்கள் சில 137 கிகாபைற்றுக்கு அப்பால் வாசிக்கமாட்டா. பெரிய வன்தட்டைப் பொருத்தியவிடத்துத் தொடக்கக் கோப்புகளை அதன் முற்பகுதியில் தனிப்பிரிவொன்றில் வைத்தல் பரிகாரமாகும். கேர்னல் ஏறியபின் திரை இருளுமாயின், ‘நோமோட்செற்’ என்ற சொல்லைக் கிரப்பின் கட்டளைவரியிற் சேர்த்துப் பார்க்கலாம்.

முறைவழியாக்கியைக் கேர்னலே ஏற்க மறுக்கும் நிலை இவற்றினும் சிக்கலானது. 2003இல் இன்ரெல் நிறுவனம் மடிக்கணனிகளுக்கென வெளியிட்ட பென்ரியம் எம் இதற்குத் தக்க உதாரணம். 32 பிற் முறைவழியாக்கிகள் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கையாள உதவும் வசதி பி.ஏ.ஈ. எனப்படும். 2012இல் வெளியான உபுண்டு 12.10, அவ்வசதியை வேண்டாத கேர்னலைக் கைவிட்டது. ‘இவ்வசதி இம்முறைவழியாக்கியில் இல்லை’ என்ற செய்தியுடன் அக்கணனிகள் நின்றன. உண்மையிலோ, அவற்றுட் பலவற்றில் வசதி இருந்தது. அதனை அறிவிக்கும் குறியே இருக்கவில்லை. 2014இல் ‘போர்ஸ்பிஏஈ’ என்ற கட்டளைச்சொல் கேர்னலிற் சேர்க்கப்பட்டதும், தகுதியற்றவை எனப்பட்ட கணனிகள் பல இயங்கின. எதிர்பாராத கோளாறுகள் நேரலாம் என்ற எச்சரிக்கையும் அதனுடன் உண்டு.

இயந்திரம் பௌதிகத் தேய்வினால் மட்டுமன்றி, அதனினும் மலிவான, சிறந்த இயந்திரங்களின் வருகையாலும் பெறுமதி இழக்கிறது என்பதை மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் எடுத்துக்காட்டினார். நாம் காண்பது அதனின் ஒருபடி மேலானது. தேயாத இயந்திரத்தின் பயன்பாட்டுப் பெறுமதியே பிறிதோரிடத்து எடுக்கப்படும் முடிவினால் நீங்குகிறது. இதனைச் சதியென்று கொள்வது எளிமைப்படுத்தலாகும். பழைய வன்பொருளைப் பேணுதற்கும் மனித உழைப்பு வேண்டும். 1991இல் லினக்ஸ் பிறந்தது 386 கணனியிலேதான். அந்த 386க்கான ஆதரவும் 2013இல் வெளியான 3.8ஆம் பதிப்பில் நீங்கியது. எனினும், புதிய கணனி வாங்க வசதியற்ற பாடசாலையும் நூலகமுமே இம்முடிவுகளின் சுமையைத் தாங்குகின்றன.

2025இல் வெளியான டெபியன் 13, 32 பிற் கணனிகளுக்கான கேர்னலையும் நிறுவியையும் வழங்கவில்லை. ஆதலின் கணனியை ஒதுக்குமுன், முறைவழியாக்கியின் பண்புப் பட்டியலில் ‘எல்எம்’ என்ற குறி உள்ளதா என நோக்குதல் தகும். இருப்பின் அது 64 பிற் வகையினது; இதுகாறும் 32 பிற் தொகுதி நிறுவப்பட்டிருந்ததே தடையாக இருந்திருக்கும். பென்ரியம் எம்மில் அக்குறி இராது. அதற்கு, பி.ஏ.ஈ. வேண்டாத கேர்னலையும் கொண்ட டெபியன் 12 பொருந்தும்.