வட்டுக்கோட்டையின் பாடத்திட்டம்

போதகராகப் போகிறவருக்குக் கணிதமும் வானநூலும் எதற்கு என வினவுவோர் உளர். இவ்வினா புதியதன்று.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றை நிறுவினர். முதல் தலைவரான டேனியல் பூவர், டார்ட்மத் கல்லூரியில் பயின்றவர். தம் நாட்டுக் கல்லூரிகளின் முறையையொட்டி, திருமறையோடு ஆங்கிலம், கணிதம், வானநூல், தருக்கம், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றை அங்குக் கற்பித்தனர். தமிழிலக்கணமும் வடமொழியும் உடன் சேர்ந்தன. பாடங்களைக் குவிப்பது இதன் நோக்கமன்று. கணிதம் ஒழுங்காக எண்ணவும், தருக்கம் பிழையறியவும், இலக்கணம் மக்கள் ஏற்கும் மொழியில் உரைக்கவும் பயிற்றும். ஆகவே இவையனைத்தும் உருவாக்குவது ஒரே மனத்தைத்தான்.

உயர் ஆங்கிலக் கல்வி ஊழியத்தினும் உத்தியோகத்திற்கே வழிவகுக்கிறது என்ற குறை எழுந்தது. அது பொய்யான குறையன்று. 1855இல் செமினரி மூடப்பட்டது.

ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்குக் கற்றவர்களே. தாமோதரம்பிள்ளை சைவராய் வாழ்ந்தவர். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்துத் தமிழுக்கு அளித்தவர். அப்பலனைத் திருச்சபை தன் வரவாக எழுதிக்கொள்ள இயலாது. நட்டமென்று எழுதவும் இயலுமோ? நம் பாடத்திட்டத்தில் ஒன்றை நீக்குமுன் இதனைச் சிந்திப்போமாக.