விடை வேண்டாம், முதல் எழுத்து மட்டும் சொல்லு!

காலை ஏழு மணி. மயிலாப்பூர் வீடு ஒன்றில் காபி ஆறிக்கொண்டிருக்கிறது. ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்துப் பக்கத்தை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறார் தாத்தா. கல்லூரியில் படிக்கும் பேத்தி எட்டிப் பார்க்கிறாள். போனில் தட்டுகிறாள். பத்தே விநாடி.

“தாத்தா, 17-க்கு விடை வந்து...”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

“ஹெல்ப்தானே பண்ணினேன்?” என்று அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவர் முகம் வாடியதிலும் நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு லேண்ட்லைன் மணி அடிக்கும். கூட வேலை பார்த்த நண்பர். “அஞ்சாவது கிடைச்சுதா? இரு, சொல்லிடாதே. முதல் எழுத்து மட்டும் சொல்லு.” இப்படியே அரை மணி நேரம் ஓடும். நண்பருக்குக் காது மந்தமானதும் அந்த அழைப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு கட்டங்கள் அடிக்கடி பாதியிலேயே நிற்கின்றன.

குறுக்கெழுத்தில் உதவி தேடுவது ஒன்றும் புதிதல்ல. 1913 டிசம்பர் 21-ல் ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் முதல் புதிரை வெளியிட்டார். 1924-ல் பென்சிலோடு சேர்த்து விற்ற முதல் குறுக்கெழுத்துப் புத்தகம் வந்ததும் அமெரிக்காவே பைத்தியமானது. அகராதிகளைப் புதிர்க்காரர்களே மொய்த்துக்கொள்வதாக நியூயார்க் பொது நூலகம் புலம்பியது. நெடுங்காலம் முகம் சுளித்துக்கொண்டிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’கூட 1942-ல் புதிர் போட ஆரம்பித்தது. பின்னாளில், திணறுபவர்களுக்கு விடை சொல்லக் கட்டணத் தொலைபேசி எண்ணே வைத்தது!

புதிர் போடுபவரும் உதவி கேட்பதுண்டு. அதனால் வந்த வம்பு ஒன்று பிரசித்தம். 1944-ல், நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்குவதற்கு முந்தைய வாரங்களில், லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன் என்று வரிசையாக ராணுவ ரகசியச் சொற்கள் விடைகளாக வந்தன. உளவுத் துறை ஓடிவந்தது. புதிர் போட்டவர் லியோனார்ட் டாவ் என்ற பள்ளித் தலைமையாசிரியர். துருவித் துருவி விசாரித்தும் ஒன்றும் தேறவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அவருடைய பழைய மாணவர் ஒருவர் சொன்ன கதை வேறு: கட்டங்களில் சொற்களை நிரப்பும் வேலையைத் தலைமையாசிரியர் பையன்களிடம் கொடுப்பாராம். பையன்கள் அக்கம்பக்கத்து ராணுவ முகாம்களில் காதில் விழுந்ததையெல்லாம் எழுதிவைத்தார்களாம்.

நம் வார இதழ்ப் புதிர்களில் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்று சொற்கள் தலைகீழாகவும் வரும். “இந்த நடிகை குழம்பியிருக்கிறார்” என்றால் எழுத்துகளைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாட்டிக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ‘கிரிப்டிக்’ எனப்படும் சூசகப் புதிர் இதற்கு அண்ணன். குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோல் இருக்கும். கேட்பது வேறாக இருக்கும். ஜி, இ, ஜி, எஸ் என்ற நான்கு எழுத்துகள் மட்டுமே குறிப்பு. 9 எழுத்து, 4 எழுத்து என இரண்டு சொற்களில் விடை வேண்டும் என்று ஒரு பழைய புதிர் உண்டு. ‘எக்ஸ்’ என்ற சொல் கலைந்து கிடக்கிறது அல்லவா? விடை, ‘ஸ்கிராம்பிள்டு எக்ஸ்’. முட்டைப் பொரியல்!

இந்த இடத்தில்தான் போன் காலை வாருகிறது. விடையைச் சட்டென்று கொடுத்துவிடும். அந்த ‘அட!’ கிடைக்காது. அதற்காகப் போனே கூடாது என்பதும் வறட்டுப் பிடிவாதம். தெரியாத ஊர்ப் பெயரையோ மறந்துபோன பாட்டுக்காரரையோ தேடிப் பார்ப்பதில் தப்பே இல்லை. அந்தக் காலத்தில் என்சைக்ளோபீடியா புரட்டியதைத்தானே இப்போது விரல் செய்கிறது? விடையைத் தானே எழுதிவிட்டு, சரிதானா என்று அகராதியில் பார்ப்பதும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டுமென்றால், குறிப்பில் எந்தப் பகுதி பொருளைச் சொல்கிறது, முதலிலா கடைசியிலா என்று காட்டிக்கொடுத்தாலே பாதி தாண்டிவிடலாம். பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் அது உட்கார்ந்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால், குறுக்கே போகும் வேறொரு சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். அதிலிருந்து ஓர் எழுத்து தானாக வந்து விழும்.

மயிலாப்பூர் பேத்தி மறுநாள் போனைத் தூர வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “எப்படித்தான் யோசிப்பீங்க? சொல்லிக் கொடுங்க.” தாத்தா தமிழிலேயே ஒன்று கட்டினார்.

“மலரோடு தலையிழந்த யானை சேர்ந்தால் பால் திருடும். ரெண்டு எழுத்து.”

“யானை எங்கயாவது பால் திருடுமா?”

“யானையை விடு. அதுக்குத் தலை போச்சுன்னா என்ன மிச்சம்?”

“யா போனா... னை. மலர்னா பூ. பூ... னை. பூனை!” அவள் போட்ட கூச்சலில் அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

அடுத்து, “சோம்பலுக்குள் ஒளிந்திருந்து கடிப்பது” என்றார். ‘பல்’ என்று உடனே வந்துவிட்டது. அதன்பின் இருவருமாக நாளிதழை எடுத்தார்கள். கிரிக்கெட் சொல் ஒன்று அவளால் விழுந்தது. ஆங்கில இலக்கியப் பெயர் ஒன்று அவரால். நான்கு கட்டம் பாக்கி. விடைக்கு மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும். அவளும் போனைத் தொடவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: “பஸ்ல யோசிக்க ஒண்ணு கொடுங்க.”

“பல் பதி, மிளகாயின் குணம் நேரம் காட்டும். அஞ்சு எழுத்து.”

“க்ளூ?”

தாத்தா வாய் திறக்கவில்லை. சுவரை மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.