இளங்குழந்தைகளின் ஆகாரமும் முளைகட்டிய கேழ்வரகு மாவும்

நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய வேலைகள் மும்முரமாக நடைபெறும் காலங்களில், கூலி வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகள் பகல் முழுவதும் அங்கன்வாடியிலோ, வீட்டிலுள்ள முதியோரிடத்திலோ விடப்படுகின்றன. அக்குழந்தைகளுக்குப் புகட்டப்பெறும் நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றித் தேகத்தை வளர்க்காது. இதன் காரணத்தையும் நிவர்த்தி செய்யும் முறையையும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

பிறந்தது முதல் 6 மாதம் வரை தாய்ப்பாலே பூரண ஆகாரம், தண்ணீரும் வேண்டுவதில்லை. 6 மாதம் நிறைந்தபின் வேறு ஆகாரமும் சேர்த்து, தாய்ப்பாலை 2 வயது வரையிலாவது தொடர்தல் வேண்டும். 9 மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்குத் தாய்ப்பால் நீங்கலாக நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரியும், இரண்டாம் வயதில் சுமார் 550 கலோரியும் தேவை.

குழந்தையின் இரைப்பையோ மிகச் சிறியது. எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லி வீதம், 8 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 மில்லியே கொள்ளும். 12 கிராம் மாவிட்டு அந்த அளவாகக் காய்ச்சிய கஞ்சியில் சுமார் 40 கலோரியே உண்டு. மூன்று வேளை கொடுப்பினும் 120தான். மாவை 50 கிராமாக உயர்த்தினால் ஒரு வேளையிலேயே சுமார் 160 கலோரி கிடைக்கும். ஆனால் அது களிபோல் இறுகுவதால் குழந்தை விழுங்குவது அரிது.

இதற்கு முளைகட்டிய தானியமே தக்க பரிகாரம். தானியம் முளைக்குங்கால் அதனுள் அமிலேஸ் என்னும் நொதி பெருகி, மாச்சத்தைச் சிதைத்துக் கூழை இளக்குகிறது. இம்முறை பரோடா சர்வகலாசாலையில் 1980ஆம் ஆண்டை அடுத்த ஆண்டுகளில் நன்கு ஆராயப்பட்டது.

சுத்தமான கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்றிரண்டு நாள் முளைக்கவிட வேண்டும். பின்னர் வெயிலில் நன்கு உலர்த்தி, முளைகளைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் சிறிது வறுத்து அரைக்கலாம். அதிகமாக வறுப்பின் நொதி அழிந்துவிடும். கெட்டியாகக் காய்ச்சிய கூழ் வெதுவெதுப்பாக ஆறியதும் இம்மாவில் ஒரு சிறு கரண்டி கலந்தால் சில நிமிஷங்களில் அது இளகும். முளைமாவில் கிருமிகள் இருத்தல் கூடுமாதலால், இளகிய கூழை மறுபடியும் கொதிக்கவைத்து ஆற்றியே புகட்டுதல் வேண்டும்.

கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம் உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம். எனினும் தானியம் மட்டும் போதாது. இரண்டு பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பயறு சேர்த்தால் புரதம் சீர்படும். ஒரு சிறு கரண்டி எண்ணெய் சுமார் 40 கலோரி கூட்டும். மசித்த கீரை, பப்பாளி, வேகவைத்த முட்டை ஆகியனவும் நல்லவை.

நிலக்கடலையை முழுப்பருப்பாக இளங்குழந்தைக்குக் கொடுத்தால் மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். ஆகையால் அரைத்தே சேர்க்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பருப்பில் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷம் உண்டாகிறது. அது ஈரலைக் கெடுப்பதோடு, வேகவைப்பதனாலும் அழிவதில்லை. விலைபோகாத சுருங்கிய பருப்பை வீட்டுக்கென்றும் மையத்துக்கென்றும் ஒதுக்கும் வழக்கம் இருக்குமாயின் அதை அறவே விடுதல் வேண்டும். காய்களை ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்திச் சேமிப்பதே முன்னெச்சரிக்கையாகும்.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ல் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் அளிக்குமாறு 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. இது வீட்டு ஆகாரத்துக்குத் துணையேயன்றி அதற்கு ஈடன்று.

ஆகவே கேழ்வரகும் பயறும் விளைவிப்போர் அறுவடையில் ஒரு பகுதியைக் குழந்தைகளுக்கென நிறுத்திக்கொள்வாராக. மையத்தில் நல்ல தண்ணீர் உண்டா, மாதந்தோறும் எடை பார்க்கப்படுகிறதா என்பவற்றைக் கிராம அதிகாரிகள் விசாரித்தல் வேண்டும். நடவு நாட்களில் பாலூட்டும் தாய்மார் இடையில் சென்று குழந்தைக்குப் பால் கொடுத்துவர நிலமுடையோர் கூலி குறைக்காது அவகாசம் அளிப்பாராயின், எந்த மாவினாலும் ஈடுசெய்ய இயலாத நன்மை அக்குழந்தைக்கு உண்டாகும்.