மண்ணுக்குள் கிடைத்த தோட்டா... எந்தத் துப்பாக்கியுடையது என எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

2018 ஜூன் மாதம். ராமேஸ்வரம் அருகே தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். மண்ணுக்குள் இருந்து பெட்டி பெட்டியாக வந்தது ஆயிரக்கணக்கான தோட்டாக்கள். 1980-களில் இலங்கைத் தமிழ்ப் போராளி இயக்கங்கள் தமிழ்நாட்டில் பயிற்சி எடுத்த காலத்தில் புதைக்கப்பட்டவையாக இருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது.

இப்படி எங்கேயோ கிடைக்கிற தோட்டா எந்த ரைஃபிளுக்கானது? யார் தயாரித்தது? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பார்க்கலாம்.

தோட்டான்னா என்ன?

ஒரு முழுத் தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளை அல்லது இரும்பு உறை, அதற்குள் வெடிமருந்து, அடியில் பற்றவைக்கும் பிரைமர், நுனியில் பாய்ந்து போகும் குண்டு. சுட்ட பிறகு குண்டு போய்விடும், உறை மட்டும் மிஞ்சும். நிபுணர்கள் முதலில் பார்ப்பது அந்த உறையைத்தான்.

அடிப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கு?

தோட்டாவைத் திருப்பினால் அடியில் சில எழுத்துகள், எண்கள் இருக்கும். இதற்குப் பெயர் ஹெட்ஸ்டாம்ப். 'கே.எஃப்' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் மகாராஷ்டிராவின் கட்கி தொழிற்சாலை. 'ஓ.எஃப்.வி' என்றால் அதே மாநிலத்தின் வரண்காவ். சோவியத் தோட்டாக்களில் எண்தான் அடையாளம். 539 என்றால் துலா, 17 என்றால் பர்னால்.

பல ராணுவத் தோட்டாக்களில் தயாரித்த ஆண்டும் இருக்கும். உதாரணத்துக்கு 84 என்று இருந்தால், 1984-க்கு முன்னாடி அதைப் புதைத்திருக்க முடியாது. அதற்குப் பிறகு எப்போ வேண்டுமானாலும் புதைத்திருக்கலாம்.

ஆனால் ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் என்ன ரகம் என்பதே எழுதியிருக்காது. அங்கேதான் அளவெடுக்கும் வேலை ஆரம்பிக்கிறது.

ஒரே 7.62... மூன்று வேறு தோட்டா!

வெர்னியர் காலிப்பர் வைத்து குண்டின் விட்டம், உறையின் நீளம், அடிவிளிம்பு மூன்றையும் அளப்பார்கள். ஏன் மூன்றும்?

* ஏ.கே.47: 7.62 மி.மீ., உறை நீளம் 39 மி.மீ.
* எஸ்.எல்.ஆர்.: 7.62 மி.மீ., உறை நீளம் 51 மி.மீ.
* டிராகுனோவ் ஸ்னைப்பர்: 7.62 மி.மீ., உறை நீளம் 54 மி.மீ., அடியில் புடைத்த விளிம்பு உண்டு
* இன்சாஸ்: 5.56 மி.மீ., உறை நீளம் 45 மி.மீ.
* பழைய 303: உறை நீளம் 56 மி.மீ., இதிலும் அடியில் புடைத்த விளிம்பு

முதல் மூன்றுக்கும் பெயர் 7.62தான். ஆனால் ஒன்றை மற்றொன்றுக்குப் போட முடியாது. இன்னொரு விஷயம், பெயரில் இருக்கும் எண் குண்டின் சரியான அளவும் இல்லை. ஏ.கே. தோட்டாவின் குண்டை அளந்தால் சுமார் 7.9 மி.மீ. வரும்.

நிறத்தை நம்பலாமா?

தனியாக நம்ப முடியாது. சோவியத் முறையில் பச்சை நுனி என்றால் ஒளிக்கோடு விட்டுப் போகும் டிரேசர் குண்டு. அமெரிக்காவின் 5.56 எம்855 தோட்டாவிலும் பச்சை நுனிதான், ஆனால் அது டிரேசர் கிடையாது.

எழுத்தும் ஏமாற்றும்!

சுட்ட உறையில் மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்தும் பழக்கம் வெளிநாடுகளில் உண்டு. 5.56 உறையைச் சுமார் 35 மி.மீ.-க்கு வெட்டி, பெரிய குண்டு பொருத்தி, '300 பிளாக்அவுட்' என்ற வேறு ரகமாக மாற்றுவார்கள். ஆனால் அடியில் பழைய எழுத்து அப்படியே இருக்கும். எழுத்தை நம்பி அதை 5.56 ரைஃபிளில் போட்டுச் சுட்டால் குழல் அடைத்துத் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். அதனால்தான் நிபுணர்கள் எழுத்து, அளவு, வடிவம், நிறம் எல்லாம் ஒத்துப்போன பிறகே முடிவு சொல்கிறார்கள்.

உங்களுக்குக் கிடைத்தால்?

தொடாதீங்க. தேய்த்துச் சுத்தம் பண்ணாதீங்க, தட்டாதீங்க, தீ பக்கத்தில் கொண்டு போகாதீங்க. பல ஆண்டுகள் மண்ணில் கிடந்தது என்பதால் செத்துப்போச்சு என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளை விலக்கி வைத்துவிட்டு 100 அல்லது 112-க்கு போன் செய்யுங்க. உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஞாபகத்துக்கு ஒன்று இருக்கட்டுமே என்று வீட்டுக்கு எடுத்துப் போவதும் அதில் அடங்கும்.

இருந்த இடத்திலேயே விட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதும் விசாரணைக்கு ஒரு தடயம். அது தோட்டாவின் மேல் எழுதியிருக்காது.