இரவலாக வந்த வீரர்

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது இரவல் வாங்குகிறவருக்குச் சொன்ன அறிவுரை. இரவல் கொடுப்பவருக்கும் அறிவுரைகள் உண்டு. ஆனால் இரவலாகப் போகும் அந்தச் சேலைக்கு ஒரு மனம் இருந்தால் அது என்ன நினைக்கும் என்று யாரும் கேட்டதில்லை. சேலைக்கு ஏது மனம்? ஆகவே கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் மனிதரையே இரவல் கொடுத்து வாங்கும் இடம் ஒன்று உலகில் உண்டு. அதுதான் கால்பந்தாட்ட உலகம். அங்கே ஓர் ஆண்டு இரவலாக வாழ்ந்த ஓர் இளைஞரின் கதையை இக்கட்டுரையில் காண்போம்.

இரவல் ஆட்டம் என்றால் என்ன?

ஐரோப்பாவில் ஒவ்வொரு கால்பந்தாட்டக் கழகமும் ஆட்டக்காரர்களோடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. ஒரு கழகத்தில் முன்னணி ஆட்டக்காரர் ஆறு பேர் இருந்தால், களத்தில் இறங்குவோர் இருவரோ மூவரோதான். மற்றவர்கள் ஓரத்துப் பலகையில் அமர்ந்திருக்க வேண்டும். ஆடாத கால் துருப்பிடிக்கும் அல்லவா? ஆகவே அவர்களில் ஒருவரை வேறொரு கழகத்திற்குச் சில மாதங்களுக்கோ ஓர் ஆண்டுக்கோ அனுப்புகிறார்கள். அங்கே அவர் ஆடுவார். காலம் முடிந்ததும் சொந்தக் கழகத்திற்குத் திரும்புவார். சம்பளத்தை யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை இரு கழகங்களும் பேசி முடிவு செய்கின்றன. சில சமயம், "பிடித்திருந்தால் நீங்களே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்ற விதியும் சேர்க்கப்படும்.

இது அடிமை வியாபாரம் போலல்லவா இருக்கிறது என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். அப்படியன்று. ஆட்டக்காரர் சம்மதித்துக் கையொப்பம் இட்டால்தான் இரவல் செல்லுபடியாகும். ஆனால் கையொப்பம் இட்ட பிறகு நடப்பவற்றில் பெரும்பகுதி அவர் கையில் இல்லை.

யார் இந்த வீரர்?

ஜோசி ஆல்டிடோர் 1989ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார்; ஃபுளோரிடாவில் வளர்ந்தார். அவருடைய பெற்றோர் ஹெயிட்டி நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். நம்மைவிட ஒரே ஒரு வயது மூத்தவராக, அதாவது 16 வயதில், அவர் நியூயார்க் அணிக்காகத் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். 2008ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் வில்லாரியல் கழகம் அவரை வாங்கியது. சுமார் 1 கோடி டாலர் என்ற அந்த விலை, அதுவரை எந்த அமெரிக்க லீக் ஆட்டக்காரருக்கும் கொடுக்கப்படாத தொகையாகும். அவ்வாண்டு நவம்பரில் அவர் அடித்த கோல், ஸ்பெயினின் முதல் பிரிவில் ஓர் அமெரிக்கர் அடித்த முதல் கோல்.

எனினும் வில்லாரியலில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினிலேயே ஹெரேஸ் என்ற கழகத்திற்கு இரவலாக அனுப்பப்பட்டார். அங்கே ஒரு லீக் போட்டியில்கூட அவர் ஆடவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் 24ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் நடந்த கூட்டமைப்புகள் கோப்பையின் அரையிறுதியில் அமெரிக்கா ஸ்பெயினை 2–0 என்று வென்றது. 35 போட்டிகளாகத் தோல்வியே காணாத ஸ்பெயினுக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் யார் தெரியுமா? 19 வயது ஆல்டிடோர்தான்! நாட்டிற்காக ஆடும்போது வீரர்; கழகத்திற்குத் திரும்பினால் ஓரத்துப் பலகை. இந்நிலையில்தான் 2009 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹல் சிட்டி கழகம் அவரை ஓர் ஆண்டு இரவலாகக் கேட்டது.

ஹல் நகரில்

ஹல், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தில் அமைந்த துறைமுக நகரம். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1759ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூரில்தான். ஹெயிட்டியோ, அடிமைகளாக இருந்த மக்களே போராடி 1804ஆம் ஆண்டு விடுதலை பெற்ற நாடு. அந்நாட்டுப் பெற்றோரின் மகன் இவ்வூருக்கு ஆட வந்தது ஒரு பொருத்தமே.

ஹல் சிட்டி பெரிய கழகமன்று. 2008ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக இங்கிலாந்தின் உயர்ந்த பிரிவுக்கு ஏறியது. அப்பிரிவாகிய பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள் உள்ளன. ஆண்டு முடிவில் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் கழகங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். முதலாண்டில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஹல் தப்பித்தது. ஆகவே ஆல்டிடோர் வந்த ஆண்டு அக்கழகத்திற்கு வாழ்வா சாவா என்ற போராட்டம்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. போல்ட்டன் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, வெற்றிக் கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தார். சில நாட்களில் லீக் கோப்பைப் போட்டியில் சவுத்எண்ட் அணிக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். ஆனால் பிரீமியர் லீக்கில் கோல் வரவில்லை. செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று, கிறிஸ்துமஸும் போயிற்று. முன்னணி ஆட்டக்காரர் கோல் அடிக்காமல் இருப்பது, தையல்காரர் துணியை வாங்கி வைத்துக்கொண்டு சட்டை தைக்காமல் இருப்பது போலத்தான். காரணம் எதுவானாலும் கேட்பவருக்குச் சட்டை வேண்டும்.

2010 ஜனவரி 12ஆம் நாள் ஹெயிட்டியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் இடிந்து கிடந்தது, மாண்டவர் இலட்சக்கணக்கில். தாய்தந்தையின் நாடு மண்ணோடு மண்ணாகிக் கிடக்க, 20 வயது இளைஞர் கடல் கடந்து பனி பெய்யும் ஊரில் பந்தாடிக்கொண்டிருந்தார். நிலநடுக்கம் நிகழ்ந்து நான்கு வாரம் ஆவதற்குள், பிப்ரவரி 6ஆம் நாள், வலிமை மிக்க மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக அந்தக் கோல் வந்தது. ஹல் 2–1 என்று வென்றது. பிரீமியர் லீக்கில் ஹல் அணிக்காக அவர் அடித்த முதல் கோல் அது. அதுவே கடைசிக் கோலும் ஆயிற்று.

மூன்று கதவுகள்

அந்த வசந்த காலத்தில் ஆல்டிடோரின் நாளை மூன்று கதவுகளுக்குப் பின்னால் இருந்தது.

முதற்கதவு ஹல். அவரை விலைக்கு வாங்கும் உரிமை அதற்கு இருந்தது. ஆனால் கழகத்தின் பணநிலை சீராக இல்லை. மார்ச் மாதம் பயிற்சியாளர் பில் பிரவுன் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். தன்னை அழைத்து வந்த பயிற்சியாளர் போனால் இரவல் ஆட்டக்காரரின் கதி என்ன? புது ஆசிரியர் வந்த வகுப்பில் முதல் நாள் நிற்பது போல, எல்லாவற்றையும் மறுபடி நிரூபிக்க வேண்டும்.

இரண்டாம் கதவு வில்லாரியல். திரும்பிப் போகலாம், ஆனால் போன இடத்தில் முன்பு இருந்த அதே பலகைதான் காத்திருந்தது.

மூன்றாம் கதவு அரசாங்கத்தின் வேலை அனுமதி. ஐரோப்பியர் அல்லாத ஆட்டக்காரர் இங்கிலாந்தில் ஆடுவதற்கு அப்போது அனுமதி வேண்டியிருந்தது. அக்காலத்து விதிப்படி, இரண்டாண்டுகளில் தம் நாட்டின் முக்கியப் போட்டிகளில் 75 சதவீதம் ஆடியிருக்க வேண்டும். காயம் பட்டாலோ நாட்டு அணியில் இடம் இழந்தாலோ இக்கதவும் மூடிக்கொள்ளும். ஆக, மூன்று கதவுகளின் சாவிகளும் பிறர் கைகளில்!

அவர் கையில் இருந்தது என்ன?

அப்படியானால் அவர் கையில் ஒன்றுமே இல்லையா? இருந்தது. அன்றாடப் பயிற்சி அவர் கையில் இருந்தது. கோபத்தை அடக்குவதும் அவர் கையில்தான் இருந்தது. இரண்டாவதில் அவர் தவறினார்.

ஏப்ரல் 24ஆம் நாள் சண்டர்லாந்து அணியோடு நடந்த போட்டி ஹல் அணிக்கு மிக முக்கியமானது. எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் பந்தை அவர்மேல் எறிந்தார். ஆல்டிடோர் தலையால் அவரை முட்டினார். நடுவர் இருவருக்கும் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார். ஹல் 0–1 என்று தோற்றது. ஆண்டு முடிவில் ஹல் 30 புள்ளிகளோடு 19ஆம் இடத்தில் நின்று கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 28 லீக் போட்டிகள், ஒரு கோல், ஒரு சிவப்பு அட்டை. அந்த ஓர் ஆண்டின் கணக்கு இவ்வளவே. முதற்கதவு மூடிவிட்டது.

பிறகு நடந்தவை

கதை அத்தோடு முடியவில்லை. 2010 ஜூனில் உலகக் கோப்பையில் அமெரிக்காவின் முதல் போட்டி இங்கிலாந்துக்கு எதிராகவே அமைந்தது. ஆல்டிடோர் தொடக்கத்திலிருந்தே ஆடினார். போட்டி 1–1 என முடிந்தது. அல்ஜீரியாவுக்கு எதிரான போட்டியில் 90 நிமிடம் கடந்தும் கோல் இல்லை. வென்றால்தான் அடுத்த சுற்று. அப்போது லாண்டன் டோனவன் பந்தை ஆல்டிடோருக்குத் தள்ள, அவர் அதைக் கோல் முகத்துக்குத் திருப்ப, காப்பாளர் தடுத்த பந்தை டோனவனே உதைத்துக் கோலாக்கினார். அந்த டோனவனும் அதே ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகத்தில் இரவலாக ஆடியவரே என்பது குறிப்பிடத்தக்கது.

அதன்பின் ஆல்டிடோர் துருக்கிக்கு மீண்டும் இரவலாகப் போனார். 2011ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஏ இசட் கழகம் அவரை விலை கொடுத்தே வாங்கியது. 2012–13 பருவத்தில் அங்கே லீக் போட்டிகளில் மட்டும் 23 கோல்கள் அடித்தார். நாட்டுக் கோப்பையின் இறுதிப் போட்டியிலும் ஒரு கோல் அடித்தார், கோப்பை கிடைத்தது. "இவரா ஹல் நகரில் ஒரே கோல் அடித்தவர்!" என்று வியக்கத் தோன்றுகிறது அல்லவா?

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. 2013இல் அவர் மீண்டும் இங்கிலாந்துக்கு, அதே சண்டர்லாந்து கழகத்திற்கே, வந்தார். இம்முறை இரவலாக அல்ல, சொந்த ஆட்டக்காரராகவே. அங்கும் 42 லீக் போட்டிகளில் ஒரே கோல்தான். ஆக, குறை இரவலில் மட்டும் இல்லை. சில நிலத்தில் சில விதை முளைப்பதில்லை. 2015இல் கனடாவின் டொராண்டோ கழகத்திற்குப் போனார். 2017 டிசம்பரில் அமெரிக்க லீக்கின் இறுதிப் போட்டியில் முதல் கோலை அடித்து, கனடா நாட்டுக் கழகம் ஒன்று முதன்முறையாக அக்கோப்பையை வெல்லக் காரணமானார். தம் நாட்டிற்காக 115 போட்டிகளில் 42 கோல்கள் அடித்து, பின்னர் ஓய்வு பெற்றார்.

இரவல் முறைக்கும் இப்போது கட்டுப்பாடுகள் வந்துள்ளன. 2022 ஜூலை முதல் உலகக் கால்பந்து சம்மேளனத்தின் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. ஓர் இரவல் ஓராண்டுக்கு மேல் நீடிக்கலாகாது. இரவல் வாங்கிய கழகம் அந்த ஆட்டக்காரரை மூன்றாவது கழகத்திற்கு மறு இரவல் கொடுக்கலாகாது. ஒரு கழகம் வெளிநாடுகளுக்கு அனுப்பக்கூடிய இரவல் ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. இளம் ஆட்டக்காரருக்கு மட்டும் அவ்வரம்பில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. சேலைக்கும் மனம் உண்டு என்பதை உலகம் மெல்ல உணர்கிறது போலும்!

நாம் கற்பது

மத்தேயு நற்செய்தியில் தாலந்து உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். தலைவர் பயணம் போகுமுன் ஊழியரிடம் தம் பணத்தை ஒப்படைக்கிறார். திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். சிந்தித்துப் பார்த்தால் நம் எல்லோருடைய திறமையும் இரவலே. ஐந்து தாலந்து பெற்றவரையும் இரண்டு தாலந்து பெற்றவரையும் தலைவர் ஒரே சொல்லால்தான் பாராட்டினார். புதைத்து வைத்தவரைத்தான் கடிந்துகொண்டார்.

இன்னும் சில மாதங்களில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அதன்பின் எந்தப் பிரிவு, எந்தப் பள்ளி என்ற கதவுகளின் சாவிகளும் முழுவதும் எங்கள் கையில் இல்லை. மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் எங்களில் சிலருக்கு ஹல் நகரத்து ஆண்டு போன்ற ஓர் ஆண்டு வாய்க்கலாம். அப்போது இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டின் கணக்கு ஒரு வாழ்நாளின் கணக்கு ஆகாது. ஆனால் அந்த ஓர் ஆண்டிலும், நம் கையில் உள்ளதை நாமே சிவப்பு அட்டையாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு சிறு விண்ணப்பம். ஒரு கோலை மட்டும் எண்ணி மகளை எடை போட்டுவிடாதீர்கள். ஹல் நகரில் கோல் வராத அதே கால்களிலிருந்துதான் நெதர்லாந்தில் 23 கோல்கள் வந்தன.