தீபப் படத்தில் தேதி: அழிக்கலாமா?

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் போட்டோ எடுக்காமல் திரும்புவது இல்லை. ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. 11 நிலைகள். அதன் முன்னே அப்பா, அம்மா, குழந்தைகள் வரிசையாக நிற்பார்கள். ஒரு "கிளிக்"! படம் தயார்.

15, 20 ஆண்டுகளுக்கு முன் அப்படி எடுத்த படம் உங்கள் வீட்டிலும் இருக்கும். எடுத்துப் பாருங்கள். கீழே, வலது மூலையில், ஆரஞ்சு நிறத்தில் சில எண்கள் தெரிகின்றனவா? அம்மாவின் புடவையிலோ, தம்பியின் முழங்காலிலோ அந்த எண்கள் ஏறி உட்கார்ந்திருக்கும். அதுதான் காமிரா போட்ட தேதி.

அன்று அது பெருமையாக இருந்தது. இன்று தொல்லையாக இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும். இருப்பதோ அந்த ஒரே படம். அதைப் பெரிதாக்கினால், எண்களும் சேர்ந்து பெரிதாகின்றன!

அந்த எண்களை எடுத்துவிட முடியுமா? முடியும். ஆனால் அழிப்பதற்கு முன்பு சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண் வந்த கதை

பிலிம் காமிரா காலத்திலேயே இந்த வழக்கம் வந்துவிட்டது. சில காமிராக்களின் பின்கதவில் ஒரு சிறு கடிகாரம் இருக்கும். படம் எடுக்கும்போது அதன் எண்கள் ஒளியாகப் பிலிமில் பதியும். பின்பு டிஜிட்டல் காமிரா வந்தது. அதுவும் பழைய வழக்கப்படி மூலையில் தேதி போட்டது.

டிஜிட்டல் படம் என்பது லட்சக்கணக்கான வண்ணப் புள்ளிகள். காமிரா தேதி போடும்போது, அந்த இடத்துப் புள்ளிகளை ஆரஞ்சுப் புள்ளிகளாக மாற்றிவிடுகிறது. அடியில் இருந்த புடவையின் நிறம் போனது போனதுதான்! மேலே ஒட்டிய சீட்டாக இருந்தால் உரித்துவிடலாம். இது அப்படி அல்ல. ஆகவே, தேதியை அழிப்பது என்பது கறையைத் துடைக்கும் வேலை அல்ல. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடும் வேலை!

மூன்று வழிகள்

முதல் வழி, வெட்டுவது. எண்கள் ஓரத்தில் இருந்தால் அந்த ஓரத்தை வெட்டிவிடலாம். இதுவே எளிது. ஆனால் யாருடைய காலும் கையும் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, பக்கத்து நிறத்தை எடுத்துப் பூசுவது. ஸ்டூடியோக்காரர்கள் கம்ப்யூட்டரில் செய்வது இதுதான். வானம், மண்தரை, வெள்ளைச் சுவர் ஆகிய இடங்களில் ஒட்டுப் போட்டதே தெரியாது.

மூன்றாவது வழி, கருவியே இட்டு நிரப்புவது. போட்டோஷாப்பில் இந்த வசதி 2010-ம் ஆண்டு வந்தது. கூகிள் போட்டோஸில் உள்ள 'மேஜிக் இரேசர்' 2021-ல் பிக்சல் போன்களுக்கு வந்தது. பின்பு மற்றப் போன்களுக்கும் வந்துவிட்டது. 'ஸ்நாப்சீட்' என்ற செயலியில் 'ஹீலிங்' என்று ஒரு கருவி உண்டு. படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எண்ணாக விரலால் தேய்த்தால் போதும். எண் மறைந்துவிடும்.

ஆனால் ஒன்று! கருவி நிரப்புவது வெறும் ஊகம். எண்களுக்குக் கீழே கோபுரச் சிற்பமோ, புடவைக் கரையோ, குழந்தையின் விரல்களோ இருந்தால் கோணல்மாணலாக நிரப்பிவிடும். அப்போது நல்ல ஸ்டூடியோக்காரரிடம் கொடுப்பதே மேல். முன்பின் தெரியாத இணையதளங்களில் குடும்பப் படங்களை ஏற்ற வேண்டாம்.

தேதியும் பொய் சொல்லும்!

மலை உச்சியில் தீபம் எரிகிறது. மூலையில் "1 1 2005" என்று இருக்கிறது. இது நடக்குமா? நடக்காது! தீபம் ஏற்றுவது கார்த்திகை மாதத்தில். அதாவது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவுக்குள். 2024-ல் டிசம்பர் 13. 2025-ல் டிசம்பர் 3. மலைமேல் தீபம் 11 நாள் எரியும். ஜனவரி 1-ந் தேதி வரை அது நீளாது.

பின் எப்படி வந்தது அந்தத் தேதி? காமிராவின் பாட்டரி தீர்ந்து கிடந்தால் கடிகாரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பல காமிராக்களில் அது ஜனவரி 1!

"04 11 05" என்று இருந்தாலும் குழப்பம்தான். 2004 நவம்பர் 5-ந் தேதியா? 2005 நவம்பர் 4-ந் தேதியா? ஏப்ரல் 11-ந் தேதியா? காமிராவுக்குக் காமிரா வரிசை வேறு.

ஆகவே, அழிப்பதற்கு முன் தேதி சரியா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அப்போது கைக்குழந்தையாக இருந்தது யார் என்று பாருங்கள். ஆண்டு தெரிந்தால், தீபம் எந்த நாள் என்பதைப் பழைய பஞ்சாங்கம் சொல்லிவிடும்.

வழி காட்டும் ஒரு படம்

தேதியைப் படத்திலிருந்து எடுக்கலாம். ஆனால் தொலைத்துவிடக் கூடாது. இதற்குத் திருவண்ணாமலையிலேயே உதாரணம் இருக்கிறது.

ரமண மகரிஷியின் புகழ்பெற்ற மார்பளவுப் படத்தைப் பலர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதை எடுத்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி.வெல்லிங். ஆண்டு 1946. படத்தின் மீது எண் எதுவும் கிடையாது. ஆனாலும் எடுத்தவர் யார், எந்த ஆண்டு என்பது இன்றும் தெரிகிறது. காரணம், அந்த விவரத்தைப் படத்தோடு காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

நாமும் அப்படிச் செய்யலாம். டிஜிட்டல் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பும் இருக்கும். அதற்கு 'எக்சிப்' என்று பெயர். 1995-ல் ஜப்பானில் உருவான முறை. எடுத்த நாள், நேரம் அதில் இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் போகாது.

செய்ய வேண்டியவை

1. மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து, நகலில் மட்டும் அழியுங்கள்.

2. படத்தின் பெயரிலேயே தேதியை எழுதுங்கள். உதாரணமாக, "2017-02-06 கும்பாபிஷேகம்".

3. வழக்குக்கோ, இன்சூரன்சுக்கோ வேண்டிய படமானால் எதையும் அழிக்காதீர்கள். அங்கே தேதியும் ஒரு சாட்சி!

4. பழைய காமிராவை இன்னும் வைத்திருந்தால், கடிகாரத்தைச் சரி செய்யுங்கள். தேதி போடும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. படத்தைச் சட்டம் போட்டு மாட்டும் முன், பின்பக்கம் பேனாவால் எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். காமிரா தேதியை மட்டும்தான் போட்டது. அப்பாவின் பெயரை அது எழுதவில்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.