இடையிடையே அறுபடும் தொடர்பு

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில், விடத்தல்தீவுக் கரையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்த விவசாயக் கிராமம் பெரியமடு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, இவ்வட்டாரக் குடும்பங்கள் பல கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புத்தளம் சென்றன. 2008ஆம் ஆண்டிலே போர் இவ்வூர் வழியாகவே கடந்தது. 2009க்குப் பின் மீளக் குடியேறியவர்களுக்குக் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் என்னும் தாள்களின் அருமை பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அத்தகைய ஒரு குடும்பம், எஞ்சிய தாள்களையும் பழைய புகைப்படங்களையும் படமெடுத்து, வீட்டிலேயே ஒரு சேமிப்புக் கணினியில் வைத்திருப்பதாகக் கொள்ளலாம். அது பெரிய பொறியன்று. சப்பாத்துப் பெட்டி அளவான ஒரு கூடு. அதனுள் இரண்டு வன்தட்டுகள். ரவுட்டரிலிருந்து அதற்கு ஓடும் ஒரு கேபிள். வீட்டிலுள்ள எந்தக் கைப்பேசியிலிருந்தும் அதனுட் கோப்புகளை இடலாம், எடுக்கலாம். சில மாதங்கள் ஒழுங்காக ஓடிய அப்பெட்டி, ஒருநாள் கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே மறைகின்றது. சில நிமிடங்களில் தானாகவே மீளுகின்றது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அவ்வாறே.

முற்றாக நின்றுபோன பொறியைப் பழுதுபார்ப்பது எளிது. விட்டு விட்டு நோகும் பொறியே அலைக்கழிப்பது. கேடும் அதிலேதான் மிகுதி. பாதி ஏறிய கோப்பு சில வேளைகளில் முழுக் கோப்பின் பெயரோடேயே பெட்டியில் அமர்ந்துவிடும். உறுதியின் பிரதி பத்திரமாக உள்ளதென்று வீட்டார் நம்பியிருப்பர். திறந்து பார்க்கும் நாளில் முதற் பக்கம் மட்டுமே தெரியும்.

இவ்வாறான வேளையில் பலரும் செய்வது பெட்டியை நிறுத்தி மீண்டும் இயக்குவது. அதனால் தொடர்பு வந்துவிடும். பழுதின் தடயமோ பெரும்பாலும் அழிந்துவிடும். முதலில் வேண்டியது ஒரு கொப்பியும் பேனையுமே. தொடர்பு அற்ற நாள், மணி, அப்போது மழையா வெயிலா, வீட்டில் வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது என்பவற்றை ஒரு வாரம் குறித்துவந்தால், பழுது தன் முகத்தைத் தானே காட்டத் தொடங்கும்.

இன்னொன்றும் தெளிய வேண்டும். இணையம் போவது வேறு, வீட்டு வலையமைப்பு அறுவது வேறு. கோபுரத்திலிருந்து வரும் இணையம் நின்றாலும், வீட்டுக்குள் கைப்பேசிக்கும் பெட்டிக்கும் இடையேயுள்ள வழி நிற்கவேண்டியதில்லை. இதனை அறிய ‘பிங்’ என்னும் சிறு நிரல் உண்டு. 1983ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் அதனை எழுதினார். நீருக்குள் ஒலியைச் செலுத்தி எதிரொலி கேட்கும் சோனார்க் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. ஆழமறியும் கருவியைப் படகில் வைத்திருக்கும் மன்னார் மீனவருக்கு இக்கருத்துப் புதிதன்று. முதலில் ரவுட்டரையும் பின்னர் பெட்டியையும் அழைத்துப் பார்க்க வேண்டும். ரவுட்டரே மறுமொழி சொல்லாவிடில், பெட்டியைக் குற்றஞ்சாட்டுவது முறையன்று.

அடுத்து, பெட்டி தானே எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறத்தல் வேண்டும். கொப்பியிற் குறித்த மணிக்கு நேராக அங்கே என்ன உள்ளது? இணைப்பு வீழ்ந்தது, மீண்டது என்றிருப்பின் கேபிள், செருகி, ரவுட்டர் என்னும் மூன்றின்மேற் சந்தேகம் செல்லும். பெட்டி புதிதாக விழித்தெழுந்த செய்தி இருப்பின், குறை மின்சாரத்தில். ஒன்றுமே இல்லையாயின், பெட்டி தன்னளவில் நலமாகவே இருந்தது. அதனைத் தேடியவர்கள்தாம் வழி தவறினர்.

கேபிளைப் பலர் ஐயுறுவதில்லை. அதனுள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு சோடியாக முறுக்கப்பட்டுள்ளன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு சோடி போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி உள்ளே வெடித்திருந்தால் இணைப்பு அறுந்து அறுந்து, ஈற்றில் குறைந்த வேகத்தில் ஒட்டிக்கொள்ளும். பல கருவிகளிற் செருகியருகே எரியும் சிறு விளக்கின் நிறமே மாறும். மலிவாக விற்கப்படும் கேபிள்களிற் சில, செம்பு பூசிய அலுமினியக் கம்பியால் ஆனவை. இரண்டு முறை மடித்தாற் போதும், முறிந்துவிடும். தகரக் கூரையின் வெப்பத்திற் கிடந்து காய்ந்த கேபிளும், எலி கடித்த கேபிளும் வெளிப்பார்வைக்கு நல்லவையே. மன்னார்த் தீவிலும் கரையோரத்திலுமோ உப்புக்காற்றினாற் செருகியின் உலோக முட்களிற் களிம்பு பூக்கின்றது. இங்கே செய்யத்தக்கது ஒன்றே: நல்லதென்று தெரிந்த குறுங்கேபிள் ஒன்றைத் தரையிலே போட்டு இரண்டு நாள் பார்ப்பது. அதிலும் அறுந்தால் ரவுட்டரின் வேறொரு துளையிற் செருகிப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எது மருந்தென்று தெரியாது. மார்ச், ஏப்பிரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் மிகுதி. வெளியே இழுத்த கேபிள் வழியாக வந்த அதிர்ச்சி, துளையை முற்றாகக் கெடுக்காமல் அரைகுறையாக விட்டுச்செல்வதும் உண்டு.

மின்சாரக் குறை மாலையிலே வெளிப்படும். மின்வழியின் கடைக்கோடியிலுள்ள வீடுகளில், விளக்குகள் ஏற்றும் வேளையில் 230 வோல்ட் என்பது பெயரளவிலேயே இருக்கக்கூடும். பெரிய வன்தட்டு ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 அம்பியர் வரை இழுக்கும். இரண்டு சேர்ந்தால் அதன் இரட்டிப்பு. பழைய அடப்டர் அவ்விடத்திலே தளர்ந்துவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டில், பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யூ.பி.எஸ். வாங்குவது வீண்செலவாகாது. பெட்டிக்கு மட்டும் வாங்கி ரவுட்டரை மறப்பவர் பலர்.

பதிவேடு மௌனமாயிருந்தால் முகவரியை நோக்க வேண்டும். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்முகவரியைத் தவணைக்குக் கொடுக்கின்றது. தவணையிற் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். குறிப்பிட்ட மணிகள் இடைவிட்டு ஒழுங்காகத் தொடர்பு அறுமாயின் இங்கேதான் தேடல் வேண்டும். பெட்டிக்கு வீட்டார் தம் கையால் ஒரு முகவரியை எழுதிவிட்டு, ரவுட்டருக்குச் சொல்லாது விட்டால் இன்னொரு வேடிக்கை நிகழும். விருந்தினர் வருவர், அவர் கைப்பேசிக்கு ரவுட்டர் அதே முகவரியை வழங்கும், பெட்டி மறையும். விருந்தினர் போனதும் மீளும். கொப்பியில் விருந்தினர் வந்த நாளும் குறிக்கப்பட்டிருந்தால் இது விளங்கிவிடும். ரவுட்டரிலேயே அம்முகவரியைப் பெட்டிக்கென ஒதுக்கிவைத்தல் இதற்குத் தீர்வு.

மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வன்தட்டு உறங்குவதும் உண்டு. அது விழிக்கச் சில நொடிகள் ஆகும்; அதனைப் பழுதென்று கொள்ளற்க.

பழுது நீங்கியபின் ஒரு வேலை எஞ்சுகின்றது. தொடர்பு அற்ற நாட்களில் ஏற்றிய கோப்புகள் ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கம் வரை திறந்து பார்த்து, குறையுள்ளவற்றை மூலத்தாளிலிருந்து மீண்டும் எடுத்தல் வேண்டும். இரண்டு வன்தட்டுகளும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், ஒரு மின்னலோ ஒரு திருட்டோ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகக்கூடும். ஆதலின் மூன்றாவது பிரதியொன்று சிறு வன்தட்டிற் பதிந்து, புத்தளத்து உறவினர் வீட்டு அலுமாரியில் இருக்கலாம்; பெருநாளுக்குப் போகும்போதெல்லாம் அதனைப் புதுப்பித்து வரலாம்.